யாருக்குச் சேர வேண்டிய பணம்?

அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்கள், ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பாடம் படிக்கும் இருவரிடம் இரண்டு விதமான கட்டணம் வாங்குகின்றன. 2023-24 கல்வியாண்டில் அங்கே நான்காண்டுப் படிப்புக்கான அரசுக் கல்லூரிகளில் உள்மாநில மாணவரின் சராசரி ஆண்டுக் கட்டணம் 11,260 டாலர். வெளிமாநில மாணவருக்கு 29,150 டாலர் என்கிறது காலேஜ் போர்டு என்ற அமைப்பின் கணக்கு. தமிழ்நாட்டிலிருந்து பட்டப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டணத்தைத்தான் கட்டுகிறார்கள். பிறகு, அந்த வெளியாட்களில் சிலருக்கு மட்டும் 'மெரிட் ஸ்காலர்ஷிப்' என்று சொல்லிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கிறார்கள். யார் நம்மவர், யார் தகுதியுள்ளவர் என்ற இரண்டு தீர்ப்புகள் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கின்றன. இரண்டுமே அறநூல்களும் சமயங்களும் காலங்காலமாக விவாதித்துவரும் கேள்விகள். முதல் தீர்ப்புக்கு ஓரளவு நியாயம் உண்டு. இரண்டாவதற்கு, இன்று அது நடக்கும் விதத்தில், நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

வெளியூர்க்காரர் கூடுதலாகக் கட்டுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வரி. பெற்றோர் அந்த மாநிலத்தில் வரி கட்டினார்கள், பிள்ளைகள் பயன் பெறுகிறார்கள் என்பார்கள். ஆனால் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் குடும்பம் ஓராண்டு நிரந்தரமாகக் குடியிருந்தால் பிள்ளை உள்மாநிலத்தவர் ஆகிவிடலாம். அந்த ஒரு வருட வரி நான்கு வருடப் படிப்புச் செலவை ஈடுகட்டாது. விண்ணப்பிக்கும்போது வெளிமாநில முகவரியில் இருந்தவர் படிப்பு முடியும்வரை வெளியாள்தான் என்று கனெக்டிகட் மாநிலம் வைத்திருந்த சட்டத்தை 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனாலும் வெளியாரிடம் கூடுதலாக வாங்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்பதை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இந்த உரிமைக்கு உண்மையான அடிப்படை, ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு முதலில் கடமைப்பட்டிருக்கிறது என்பதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'இது எங்கள் சொத்து' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கூட்டரசின் 1862-ம் ஆண்டு மொரில் சட்டம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் கல்லூரிகளுக்காக நிலம் ஒதுக்கியது. தங்கள் எல்லைக்குள் கூட்டரசு நிலம் இல்லாத கிழக்கு மாநிலங்களுக்குத் தொலைவிலிருந்த நிலத்தின் மீது உரிமைச் சீட்டு கிடைத்தது. நியூயார்க்குக்குக் கிடைத்த சீட்டுகளில் கணிசமான பகுதியைக் கொண்டு எஸ்ரா கார்னெல் விஸ்கான்சினில் பைன் காடுகளை வாங்கிப் போட்டார். அவற்றை விற்ற பணத்தில் நியூயார்க்கின் பல்கலைக்கழகம் ஒன்று வளர்ந்தது. அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு வரை அந்தக் காடுகள் ஓஜிப்வே உள்ளிட்ட பூர்வகுடிகளின் நிலம். ஒரு மாநிலத்தின் கல்லூரி அடுத்தவர் மண்ணிலிருந்து எழுந்திருக்கும்போது, அந்நியனிடம் அதற்கு ஒரு கடனும் இல்லை என்று சொல்ல எப்படி மனம் வரும்?

இனி தகுதி. பல பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் பள்ளி மதிப்பெண் சராசரி. இன்னொரு பக்கம் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் எடுத்த மதிப்பெண்: 36-க்கு ஏசிடி, அல்லது 1600-க்கு எஸ்ஏடி. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு டாலர் தொகை. ஏசிடியில் ஒரே ஒரு புள்ளி குறைந்தாலும் கட்டம் மாறி, ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் போய்விடலாம். நான்காண்டுக்கு அது நான்கு மடங்கு. குடும்பத்தின் வருமானத்தைக் கேட்க அந்த அட்டவணையில் இடமே இல்லை. அமெரிக்காவின் மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் எஸ்ஏடியில் 1300-க்கு மேல் எடுக்கும் வாய்ப்பு, அடித்தட்டுப் பிள்ளைகளைப் போல 13 மடங்கு என்று ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்களின் 2023 ஆய்வு காட்டியது. பிறவித் திறமையும் பிறந்த வீடும் நாம் சம்பாதித்தவை அல்ல என்று தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-லேயே வாதிட்டார். உழைப்பு மட்டும் நம்முடையது என்று சிலர் பதில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அட்டவணை உழைப்பை எங்கே அளக்கிறது? மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து 27 எடுத்தவரின் உழைப்பும், தனி டியூஷன் வைத்து 33 எடுத்தவரின் உழைப்பும் அதற்குத் தெரியாது.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்து முதலாளி வருகிறார். விடியற்காலையில் வேலைக்கு வந்தவருக்கும் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தவருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். இந்தக் கதையை முதலாளியின் தாராள மனத்துக்கு உதாரணமாகவே பலரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசியில் வந்தவர்களின் பதில்: ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாள் முழுக்க அந்தச் சந்தையில் நின்றிருந்தவர்கள். அவர்கள் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும். மதிப்பெண் அட்டவணையின் கீழ்க் கட்டங்களில் இருப்பவர்களில் நிறையப் பேரின் நிலை இதுதான். நல்ல பள்ளியும் நல்ல ஆசிரியரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

நிர்வாகிகள் சொல்லும் மறுப்பு வலுவானது, ஒதுக்கிவிட முடியாது. 2008 நெருக்கடிக்குப் பிறகு மாநில அரசுகள் மானியத்தை வெட்டின, சலுகை கொடுத்து வெளியாரை இழுப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை என்கிறார்கள். மேலே சொன்ன சராசரியையே வைத்துப் பார்ப்போம். வெளிமாநில மாணவருக்கு 10,000 டாலர் குறைத்தாலும் அவர் 19,150 கட்டுவார். உள்ளூர்க்காரர் கட்டுவதைவிட இது ஏறக்குறைய 8,000 அதிகம். அந்தப் பணம் உள்ளூர் ஏழைக்கு உதவுகிறது என்பது வாதம். உதவினால் நல்லதுதான். ஆனால் ஓசான் ஜாகெட்டும் சக ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் வெளியார் பங்கு கூடக் கூட, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களின் பங்கு குறைந்துவந்ததைக் கண்டது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் உள்ளூர் மாணவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த வெளியார் பலரைச் சேர்த்தது என்று அதே ஆண்டில் மாநிலத் தணிக்கையாளர் குற்றம் சாட்டினார். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. என்றாலும் அடுத்த ஆண்டே பெரும்பாலான வளாகங்களில் வெளியார் எண்ணிக்கைக்கு 18 சதவீத வரம்பு வைத்தது. பணம் தேவைப்படும் இடத்தில் தகுதியின் அளவுகோல் எவ்வளவு எளிதாக வளைகிறது என்ற சந்தேகம் இதனால் எழாமல் இருக்காது.

பரிசு இல்லாவிட்டால் யார் உழைப்பார்கள் என்பது இன்னொரு கேள்வி. ஜார்ஜியா மாநிலம் 1993-ல் லாட்டரி வருமானத்தைக் கொண்டு ஹோப் உதவித்தொகையைத் தொடங்கியபோது குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு இருந்தது. நல்ல மதிப்பெண்ணும் வேண்டும், பணத் தேவையும் வேண்டும் என்பதே அதன் பொருள். உழைப்புக்கு மரியாதை செய்துகொண்டே தேவையையும் பார்க்க முடியும் என்பதற்கு அந்தத் தொடக்கமே சான்று. ஆனால் இரண்டே ஆண்டுகளில் அந்த வரம்பை நீக்கிவிட்டார்கள். லாட்டரிச் சீட்டு வாங்கும் ஏழையின் காசு, வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் போனது.

இதில் பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. உதவித்தொகைக் கடிதம் வந்தால் மகிழுங்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்த மதிப்பெண் சராசரிக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பதையும் படித்துப் பாருங்கள். கடிதம் வராத பிள்ளையிடம் அதை அவருடைய மதிப்புக்கான தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். பல்கலைக்கழகங்கள் மாணவரை இழுக்கக் கட்டணத்தைக் குறைப்பதானால், தள்ளுபடி என்றே வெளிப்படையாக அறிவித்துக் குறைக்கட்டும். உதவித்தொகை என்று பொதுப்பணத்தில் ஒதுக்குவதை, உள்ளூரோ வெளியூரோ, குடும்ப வருமானத்தை முதலில் கேட்டு, மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக் கொடுக்கட்டும்.