பழி யார் மேல்?

லண்டனுக்கும் சிட்னிக்கும் விமானக் கணக்கில் சுமார் 17,000 கிலோமீட்டர். 1787-ல் இங்கிலாந்திலிருந்து கைதிகளோடு கிளம்பிய கப்பல்கள் சிட்னி பக்கம் போய்ச் சேர எட்டு மாசம் ஆச்சு. 1947-ல் சிட்னியில் கிளம்பிய குவாண்டாஸ் விமானம், பல ஊர்களில் இறங்கி ஏறி, நாலு நாளில் லண்டன் வந்தது. இன்றைக்கு ஒரே இடத்தில் இறங்கி ஏறினால், சுமார் 23 மணி நேரம்.

பூமி சுருங்கவில்லை, அதே 17,000தான்!

இனி அம்மாவைப் பார்க்கவே முடியாது என்பது அந்தக் கைதிக்குத் தண்டனை. நமக்கு? காசில்லாதவர், லீவு கிடைக்காதவர் கஷ்டம் நிஜம். எல்லாம் இருந்தும், 'ரொம்ப தூரம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிறோமே, அந்தத் தூரத்தை நாமேதான் போட்டுக்கொண்டோம். போகாதது தப்பென்றுகூட நான் சொல்லவில்லை. பழியை மட்டும், பாவம், கடல் மேல் போடாதீங்க!