கையும் கருவியும்

பொருநை நாட்டு மலைமிசையுள்ள மாஞ்சோலையில், தோட்டத்தொழில் முடிவுற்ற 2024ஆம் ஆண்டுவரை, தேயிலை கொய்தாருடைய விரல்கள் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளின. அவ்விரல்களை ஏவியது யாது?

மூளையின் புறணியில் எழும் ஏவல் நரம்பிழைவழி இறங்கி, முகுளத்தின் கீழெல்லையிற் பெரும்பாலும் பக்கம் மாறித் தண்டுவடத்தை அடையும். ஆங்கு வேறொரு நரம்பணு அதனை ஏற்றுத் தசையளவுஞ் செலுத்தும். அந்நரம்பின் நுனியில் வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் தசையைச் சுருங்கச் செய்யும். இடப்பக்க மூளையில் அவ்வழி பழுதுறின் வலக்கை விழுதல் இதனாலேயாம்.

நரம்பே யாவுஞ் செய்யுமாயின் உயிர் எற்றுக்கு எனின், கூறுதும்: பாரிசவாயுவுற்றான் கையை எடுக்க முயல்கின்றான், கை எழுவதில்லை. முயல்வோன் வேறு, கருவி வேறு என்பது ஆங்கு வெளிப்படை. அற்றேல், மூளை கெட்டவழி முயற்சிதானும் ஒழிதல் உண்டன்றோ எனின், உண்டு. கருவியின்றி உயிர் அறியமாட்டாதென்பதே நம் சித்தாந்தம். விளக்கவிந்தவழிக் காணாமைபற்றிக் கண்ணே இல்லையென்பார் யார்?

அம்மலையடியில் விக்கிரமசிங்கபுரத்துத் தோன்றிய சிவஞான முனிவர் மரபில் நின்று யாம் வேண்டுவது இது: கைக்கு உயிர்போல உயிர்க்கு இறைவன் இன்றியமையாதான். ஆதலின் ‘யான் செய்தேன்’ என்னுந் தருக்கு ஒழிக. விரல் இயங்குங் காலத்தே ஒரு வில்வங் கிள்ளி அவன் திருவடியிற் சாத்துக.