வீடு வாங்குமுன் இரு கேள்விகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைக் கடனில் வாங்குவோரே பெருகிவிட்ட இக்காலத்தில், "வாங்கிப் பார்" என்பதையும் அதனுடன் சேர்த்துக் கொள்ளலாம். கம்போங் ராஜா வட்டாரத்தில் இந்த விஷயம் மிகவும் அவசரமானது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்பவருக்கு வீடு என்பது வேலையுடன் வந்தது. வேலை முடியும் நாளில் வீடும் போய்விடும். ஆகவே அதற்குள் சொந்தக் கூரை ஒன்று வேண்டுமென்ற கவலை நியாயமானதே. ஆனால் கவலை நியாயமானது என்பதால், வீட்டை அடையும் வழிகள் எல்லாமே நியாயமாகிவிடுமா?

முதன்முறையாக வீடு வாங்குவோர் அறைகளை எண்ணுகிறார்கள், தவணையை விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. விற்பவர் விற்பது அவருடையதுதானா? வாங்கும் நாம் கொடுக்கும் வாக்கு நம்முடையதுதானா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசலுக்கென இடம் தேர்ந்தபோது, அது அநாதைச் சிறுவர் இருவருக்குச் சொந்தமானதென அறிந்தார்கள். சிறுவர்கள் இனாமாகவே தர முன்வந்தனர். நாயகம் அவர்கள் அதற்கு ஒப்பாமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அல்லாஹ்வின் இல்லத்துக்கே நிலத்தின் உரிமை தெளிவாக வேண்டியிருந்ததென்றால், நம் இல்லத்துக்கு அது எவ்வளவு அவசியம்!

கேமரன் மலையில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்குள்ள காய்கறித் தோட்டங்கள் பல, டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக லைசென்ஸ் நிலத்தில் உருவானவை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அந்த லைசென்ஸ் ஆண்டு முடிவில் காலாவதியாகும். அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. பெற்றவர் மரணமடைந்தால் அதுவும் முடிந்துவிடும். அத்தகைய நிலத்தில் நிற்கும் வீட்டை, "மலிவாகத் தருகிறேன்" என்று ஒருவர் வெறும் கைக்கடிதம் எழுதித் தந்தால், அவர் தருவது பலகையையும் தகரத்தையுந்தான், நிலத்தையல்ல. தன்னிடம் இல்லாததை விற்கலாகாது என்பது மார்க்கம் விதித்த வணிக நெறி. அறிந்தே விற்பவர் பாவத்துக்கு ஆளாகிறார். விசாரியாமல் வாங்குபவரோ, தம் குடும்பத்தின் சேமிப்பாகிய அமானத்தைக் காக்கத் தவறியவராகிறார்.

ஆகவே முதல் அடியை நில அலுவலகத்தை நோக்கி வைக்கவேண்டும். கிராண்டின் பதிவு தானா ராத்தாவிலுள்ள மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறதா, குவாந்தானில் இருக்கிறதா என்று கேட்டறிந்து, கட்டணம் செலுத்தினால் பதிவைத் தேடிப் பார்க்கலாம். நிலம் யார் பெயரில் உள்ளது? அடமானமோ தடைக் குறிப்போ இருக்கிறதா? குத்தகை நிலமாயின் இன்னும் எத்தனை ஆண்டுகள் மிச்சம்? கைமாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டுமா? இவை தெளிந்த பின்னரே முன்பணத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. கடனை விட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தத் தயங்கினார்கள். அக்கடனைத் தாம் ஏற்பதாக அபூ கதாதா (ரலி) அவர்கள் கூறிய பிறகே தொழவைத்தார்கள். கடன் வாங்குவதே குற்றமென்று இதற்குப் பொருளல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைக்கும் முறையைப் பற்றியதுதான். திருப்பித் தரும் வழி அறியாமல் வாக்குக் கொடுப்பதே அஞ்சத்தக்கது.

கணக்குப் பார்ப்போம். 250,000 வெள்ளி வீட்டுக்கு வங்கி 90 விழுக்காடு தந்தாலும், 25,000 வெள்ளி நாம் போடவேண்டும். வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் தனி. ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் செஜாத்தெரா எனப்படும் கணக்கிலிருந்து வீட்டுக்காக எடுக்கலாம். நாற்பது வயதில் 30 ஆண்டுத் தவணை எழுதுபவர் எழுபது வயது வரை கட்டவேண்டும். 2013இல் அமலுக்கு வந்த சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது. அதன்பின் வரும் பத்து ஆண்டுகளுக்குக் கட்டுவது யார்? "மகன் கட்டுவான்" என்கிறோம். மகனைக் கேட்டோமா? பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வருங்காலச் சம்பளத்தை அடகு வைக்க நமக்கு ஏது உரிமை? தம்முடையதல்லாத நிலத்தை விற்பவரைக் குறை கூறும் நாம், நம்முடையதல்லாத உழைப்பை வாக்களிப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த தவறே.

வட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். "வீடு அவசியம், அவசியத்துக்கு விலக்கு உண்டு" என்பர் சிலர். ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 1999இல், வேறு வழியற்ற அங்குள்ள முஸ்லிம்களுக்குக் குடியிருக்கும் வீட்டுக்காக அத்தகைய சலுகை அளித்தது உண்மை. அதை ஒப்பாத உலமாக்களும் உளர். 1983இலேயே இஸ்லாமிய வங்கி தோன்றிவிட்ட நாட்டில் வாழும் நாம், வேறு வழியில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவதும் போதாது. வங்கி வீட்டை வாங்கி, லாபம் சேர்த்து நமக்குத் தவணையில் விற்கும் முறை, 2008இல் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாயிற்று. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லுமென்றது. வங்கியுடன் பங்காளியாகி, அதன் பங்கைச் சிறுகச் சிறுக வாங்கும் முறையும் இருக்கிறது. எதுவாயினும், தவணை தவறினால் என்ன நேரும், முன்கூட்டித் தீர்த்தால் எவ்வளவு குறையும், நாம் இறந்துவிட்டால் மிச்சத்தைத் தகாபுல் தீர்க்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறவேண்டும்.

இக்கேள்விகளுக்கு இன்று விடை கிடைக்காவிடில், இன்னும் சில ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்து சேமிப்பது மானக்கேடல்ல. சொந்த வீடில்லாமல் இறந்தவரை மார்க்கம் பழிக்கவில்லை. கடனைப் பிறர் தலையில் விட்டுச் செல்வதைத்தான் எச்சரிக்கிறது. படித்த நம் வாலிபர்கள், எழுத்தறியாத பெரியவர்களுடன் ஒருநாள் நில அலுவலகம் வரை துணைக்குச் செல்வார்களாயின், அது தருமமே ஆகும்.

ஹலாலான கூரையின் கீழ், கடனற்ற நிம்மதியுடன் உறங்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.