சாக்லேட் கொடுத்த கை

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம் வழி கேட்கக் காரை நிறுத்தியது. காரிலிருந்த, அறுபதைக் கடந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கார் நகர்ந்ததும் அடுத்த ஊருக்குத் தகவல் போயிற்று. அத்திமூரில் வழிமறித்த கூட்டம் எல்லோரையும் அடித்தது. மூதாட்டி இறந்துபோனார். பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது.

அடித்தவர்களைக் கொடூரர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அன்று அவர்கள் கையை ஓங்க வைத்தது பிள்ளைகள் மீதிருந்த பாசமும்தான். பாசத்தில் செய்த கொலையை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். பயம் அறிவை மழுங்கடிக்கும் என்று அதற்குப் பொருள் கொண்டால் பாதிதான் சரி. அன்று அறிவு மும்முரமாகவே வேலை செய்தது. சாக்லேட் தூண்டிலாயிற்று, வெளியூர் கார் தடயமாயிற்று, வழி கேட்டது வேவு பார்த்ததாயிற்று. மறுத்துப் பேசினால் அதுவும் நடிப்பு. தவிர, அந்தப் பழமொழி தனி ஆளுக்குச் சொன்னது. கூட்டத்தில் பக்கத்திலிருப்பவனின் ஆவேசமே அத்தாட்சியாகிவிடுகிறது: இத்தனை பேர் சும்மாவா அடிப்பார்கள்?

சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் விசாரிக்கவில்லை. ஊடல் கொண்ட தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரம். வழியில் பொற்கொல்லன் சொன்னதை நம்பி, கண்ணகியின் கணவனைக் கொல்ல ஆணையிட்டான். அவன் மனம் அப்போது எங்கே இருந்தது என்பதை இளங்கோ மறைக்காமல் சொல்கிறார். ஆனால் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, 'மனம் சரியில்லாத நேரம்' என்று அவன் சாக்குச் சொல்லவில்லை. பழியை ஏற்று அங்கேயே உயிர் விட்டான். கூட்டத்துக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. ஆளுக்கு ஓர் அடி என்றால், கொன்றது யார்?

பயம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்ததற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெற்றவர்களுக்குப் பயமே இல்லையென்றால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். ஆனால் முதல் ஊரிலிருந்து அத்திமூர் வரை கார் ஓடிய சில நிமிடங்கள் இருந்தன. தகவல் சொல்லத் தோன்றிய அந்த நேரத்தில் 100-க்கு அழைத்திருக்கலாம். காரை மடக்கிய பிறகும், போலீஸ் வரும்வரை உட்கார வைத்திருக்கலாம். பயந்தபடியே செய்யக்கூடிய காரியம்தான் அது. குற்றத்தைத் தேட வேண்டிய இடம் அந்த நிமிடங்கள் என்றே தோன்றுகிறது.

நாட்டின் பல இடங்களில் இப்படிக் கொலைகள் நடந்த பின், அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் வந்த செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்ட பிறகு, சேதி வாய்வழியாகவே பரவுகிறது.