மலக்குழியும் இயந்திரமும்

ஒரு தொழில் மனிதரை இழிவுபடுத்துகிறதென்றால், அந்த இழிவு வேலையில் இருக்கிறதா, அதை இன்னார்தான் செய்ய வேண்டும் என்று வகுத்துவைத்த ஏற்பாட்டில் இருக்கிறதா என்பது இந்தியச் சமயச் சிந்தனையில் தீராத வழக்கு. மலம் அள்ளும் பணியைத் தாய் குழந்தைக்குச் செய்யும் பணிவிடைக்கு ஒப்பிட்டுக் காந்தி போற்றினார். சாதி வேலையை மட்டுமன்றி வேலை செய்பவர்களையே பிறப்பால் மேல்கீழாகப் பிரிக்கிறது என்று 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்ட அம்பேத்கரோ, அத்தகைய புகழ்ச்சி அம்மக்களை இருந்த இடத்திலேயே இருத்திவைக்கும் கொடுமை என்று பின்னர் கண்டித்தார்.

இவ்வழக்கில் இன்று தொழில்நுட்பமும் ஒரு சாட்சி. அடைப்பை உயர் அழுத்த நீரால் உடைக்கும் ஜெட்டிங் இயந்திரமும் கசடை உறிஞ்சும் லாரியும் உலகுக்குப் புதியவை அல்ல. கேரளத்தில் உருவான 'பேண்டிகூட்' ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. ஆயினும் விஷவாயு தாக்கிய சாவுகள் நிற்கவில்லை. குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாய் நாறி, செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், ஆபத்து முற்றும் நேரத்தில் எச்சரிக்கை மறைந்துபோகிறது; விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாள்வது இதனாலும்தான்.

கருவி இருந்தும் ஆள் இறங்குவது ஏன் என்பதற்கு விடை நிறுவனங்களில் இருக்கிறது. நிறுவனம் என்பது இங்கே அலுவலகத்தை அன்று, சட்டம், ஒப்பந்தம், வழக்கம் என மக்களின் நடத்தையை வரையறுக்கும் விதிகளைக் குறிக்கும். கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையில் இறக்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் நாள்கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை ஒப்பந்ததாரரின் கணக்கில் இயந்திரம் வீண்செலவு. அந்த ஆள் எந்தத் தெருவில் கிடைப்பார் என்பதையோ சாதி முன்பே முடிவுசெய்துவிட்டது. சாக்கடைச் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் விதித்த 10 லட்சம் ரூபாய் இழப்பீடு 2023இல் 30 லட்சமானது. உயிர் போன பிறகுதான் உயிரின் விலை ஏறுகிறது.

2019இல் தில்லி அரசு 200 இயந்திரங்களைக் களமிறக்கியபோது, அவற்றைச் சொந்தமாக்கி இயக்கும் வாய்ப்பை முன்பு இறங்கியவர்களுக்கும் இறந்தோரின் குடும்பங்களுக்கும் அளிக்க முற்பட்டது. குழியில் நின்றவர் வண்டிக்கு உரிமையாளராவது சிறிய மாற்றமன்று. எனினும் வண்டியில் அமர்பவரும் அதே சாதியினராகவே இருக்கும்வரை, உடலைக் காத்த இயந்திரம் அம்பேத்கரின் கேள்விக்குப் பாதி விடையே அளித்திருக்கிறது.