மதிப்பெண்: சாட்சியா, நீதிபதியா?

வேலூரை அடுத்த பாகாயத்திலே கிறித்துவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்று வெளிவரும் மருத்துவர், காய்ச்சல்காரனுக்கு வெப்பமானி வைத்துப் பார்க்கிறார். 104 டிகிரி! "எண் ஏறிவிட்டது, எழுந்து வெளியே போ" என்றா கூறுகிறார்? இல்லை. எண்ணைக் கண்ட பிறகுதான் அவர் பணியே துவங்குகிறது.

பள்ளியிலே நாம் செய்வதென்ன? மாணவன் 100-க்கு 28 பெறுகிறான். எந்தப் படியில் அவன் இடறினான் என்பதை ஆசிரியருக்கு அறிவிக்க வந்த சேதி அது. நாமோ அதை அவன் நெற்றியிலே எழுதிவிடுகிறோம். தலையெழுத்து பொய் என்று முழங்கிய நாட்டிலே, புதியதொரு தலையெழுத்து!

"எண்ணை நீக்கினால், பரிந்துரையும் சாதியும் அல்லவா நுழையும்?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி. முகம் பாராது, குலம் கேளாது திருத்தப்படும் விடைத்தாள் ஏழைக்குக் கேடயமாக இருந்ததை நாம் மறக்கவில்லை. எண் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பணம் கட்டித் தனிப்பயிற்சி பெற்றவனும், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் உழைக்கும் தாய்க்குத் துணையாக வீட்டு வேலை முடித்துப் படித்தவளும் ஒரே எண்ணைப் பெறலாம். இருவரும் கடந்த தொலைவு ஒன்றாகுமா? அதை எண் சொல்லாதே!

பாகாயம் கல்லூரி எழுத்துத் தேர்வோடு நில்லாமல், நேர்முகத் தேர்வும் நடத்தி, மருத்துவத் தொண்டுக்கு ஏற்ற உள்ளம் உண்டா என்று ஆராய்ந்து வந்தது. நீட் மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, 2017-இல் தன் 100 மருத்துவப் படிப்பு இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழகம் சட்டமாக்கியது. எண்ணோடு, கடந்து வந்த தொலைவையும் கணக்கில் சேர்த்த சட்டம் அது.

நேர்முகத் தேர்விலும் சார்பு நுழையலாம், மறுக்கவில்லை. ஆகவேதான், எந்த ஒரு சாட்சியை மட்டும் நம்பியும் தீர்ப்பு எழுதாதீர் என்கிறோம். எண் சாட்சி சொல்லட்டும். நீதிபதியின் இருக்கையில் அமர வேண்டாம்.

ஆசிரியத் தோழர்களே! மருத்துவக் கல்லூரியின் வாயிலை மாற்றும் ஆற்றல் நமக்கில்லாதிருக்கலாம். வகுப்பறையின் வாயில் நம் கையிலே! அடுத்த முறை விடைத்தாளைத் திருப்பித் தருகையில், "நீ எத்தனை?" என்று கேட்குமுன், "எங்கே புரியவில்லை, தம்பி?" என்று கேட்போம். காய்ச்சலுக்காக நோயாளியைத் தண்டிக்கும் மருத்துவரை ஊர் பொறுக்காது. நம்மை மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?