ரசீது இல்லாத பிள்ளை

அண்ணாச்சி, அந்த முன்பணத்தைக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். கொடுத்திருந்தால் போனது போகட்டும், மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். மதினியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ராஜபாளையத்தில் உங்களைப் பற்றித் தப்பாக ஒரு சொல் நான் கேட்டதில்லை. மில்லில் இருபது வருஷ வேலை. கடன் வாங்கினால் தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே வட்டியைக் கொண்டுபோய் வைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னை ஓரமாக இழுத்து, “ஆஸ்பத்திரியில ஒரு அம்மா ஏற்பாடு பண்றாங்க. பொறந்த அன்னைக்கே கையில குடுத்துருவாங்களாம். சர்ட்டிபிகேட்டும் எங்க பேர்லயே வந்துரும். மூணு லட்சம்” என்றீர்கள். மூணு லட்சம் என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் டீயை ஆற்றிக்கொண்டே திரும்பிப் பார்க்க, நீங்கள் பேச்சை மழைக்கு மாற்றினீர்கள். ஊருக்கே சொல்லிச் சர்க்கரை கொடுக்க வேண்டிய சேதியை இப்படி ஒளித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று யோசித்தீர்களா?

அதன் பெயர் தத்து இல்லை, வாங்கல் விற்றல். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, பிள்ளையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் என்கிறது. ஆஸ்பத்திரி ஆட்கள் செய்தால் மூன்று முதல் ஏழு வருஷம். 2019இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் போனில் பேசிய பேச்சு வெளியே வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெண் என்றால் ஒரு விலை, ஆண் என்றால் ஒரு விலை, நிறத்துக்கும் எடைக்கும் தக்கபடி ஏற்ற இறக்கம், பிறப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம். கத்தரிக்காய் பேரம்கூட இதைவிடக் கூச்சத்தோடு நடக்கும். 2021இல் மதுரையில், ஒரு குழந்தை கொரோனாவில் இறந்ததாகக் கணக்கு காட்டிவிட்டு, குழந்தைகளை விலைக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் வாங்கிய தம்பதிகளும் கைதானார்கள். அவர்களும் உங்களைப் போலப் பிள்ளைக்கு ஏங்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

“சட்டப்படி போனா செலவு தாங்காது” என்றீர்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டை வந்து பார்த்து அறிக்கை எழுத 6,000 ரூபாய். குழந்தை வந்தபின் இரண்டு வருஷத்தில் நாலு தடவை வந்து பார்ப்பார்கள், தடவைக்கு 2,000. தத்து மையத்தின் பராமரிப்பு நிதிக்கு 2017 விதியில் 40,000 இருந்தது. 2022இல் புது விதி வந்துவிட்டதால், பணம் கட்டும் அன்றைக்கு மத்திய தத்துவள ஆணையமான காராவின் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதைக் கட்டுங்கள். எல்லாம் சேர்த்தாலும் அந்த ஆஸ்பத்திரிப் புரோக்கர் கேட்பதில் கால்வாசியைத் தாண்டாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வக்கீல் செலவும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் தத்து உத்தரவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு அலைய வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து அந்த உத்தரவைக் கலெக்டரே போடுகிறார்.

காத்திருப்பு நீளம்தான், மறைக்கவில்லை. கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் வருஷக்கணக்காகும். 2024-25இல் நாடு முழுக்கத் தத்துப்போன பிள்ளைகள் 4,515 பேர், வரிசையில் நிற்பவர்களோ அதைப்போலப் பல மடங்கு. அந்த வருஷங்களை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அது நீங்கள் கொடுப்பது. குறுக்கு வழியில் போனால் நீங்கள் கொடுக்காமல் விட்டதை அந்தப் பிள்ளைதான் கொடுக்கும்.

எப்படி என்கிறீர்களா? இருபது வருஷம் கழித்து ஒரு துஷ்டி வீடு. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியப்பா, சொத்துப் பேச்சு சூடாகும்போது, “இவன் என்ன நம்ம ரத்தமா?” என்று ஒரு வார்த்தையை விடுவார். பையன் தன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பான். அது பொய் என்று அன்றைக்குத்தான் தெரியும். கோர்ட்டுக்குப் போனால் நிற்காத காகிதம். பெற்றவள் யாரென்று தேடினாலும் எங்கேயும் ஒரு எழுத்து இருக்காது. இடையில் அந்தப் புரோக்கர் எத்தனை தடவை வந்து கதவைத் தட்டுவாரோ, அது தனிக் கணக்கு.

அந்தப் பெற்றவளையும் ஒரு நிமிஷம் நினையுங்கள். மூணு லட்சத்தில் அவள் கைக்கு எவ்வளவு போகும்? வளர்க்க முடியாதவள் குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளையை ஒப்படைக்கலாம். அவள் பெயர் வெளியே வராது. மனசு மாறினால் 60 நாளுக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புரோக்கர் அவளுக்கு 60 நிமிஷம்கூடக் கொடுக்க மாட்டார். உண்மையிலேயே அப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்தால், நீங்கள் செய்ய வேண்டியது 1098க்கு ஒரு போன்.

(தம்பி பிள்ளையைத் தத்தெடுப்பது வேறு சங்கதி. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அதையும் வாய்ப்பேச்சில் விடாமல் பத்திரமாகப் பதிந்துகொள்ளுங்கள்.)

“ஊருக்குத் தெரிஞ்சா பிள்ளைக்குத்தான் அசிங்கம்” என்று மதினி சொன்னாராம். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது, வருஷா வருஷம் ஆடிப்பூரத்துக்குப் போகிறீர்கள். வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் சந்நிதிக்கும் நடுவில் அந்த நந்தவனம். துளசிச் செடியடியில் கிடந்த குழந்தையை எடுத்தேன் என்பதைப் பெரியாழ்வார் யாரிடம் மறைத்தார்? மறைத்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? கிடைத்த இடத்துக்கே கும்பிடு போடுகிற ஊர் அது. ஆண்டாளும் தன் பாட்டில் தகப்பன் பெயரைச் சேர்த்தே கையெழுத்துப் போட்டாள். அந்தக் கோபுர நிழலில் பால்கோவா வாங்கித் தின்றுவிட்டு, எடுத்து வளர்த்த பிள்ளையை வெட்கம் என்கிறோம்.

இன்னொன்று, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காத்திருப்பது நீங்கள் மட்டும் இல்லை. ஆறு வயசு, எட்டு வயசுப் பிள்ளைகள் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு ஆள் வருவதில்லை. அவர்களுக்காகத்தான் வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒரு ஏற்பாடு. முதலில் வளர்க்கத் தருவார்கள். சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட பிள்ளையாக இருந்து இரண்டு பேருக்கும் ஒட்டிவிட்டால் தத்தெடுக்கலாம். முன்பெல்லாம் அதற்கு ஐந்து வருஷம் வளர்த்திருக்க வேண்டியிருந்தது, 2024 நெறிமுறை அதை இரண்டாக்கிவிட்டது. கல்யாணமாகாதவர்களும் கேட்கலாம். பராமரிப்புக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் இருக்கிறது. அந்த நாலாயிரத்துக்காக யாரும் போகாதீர்கள். அந்த நினைப்பு இருப்பவர் பசுமாடு வளர்க்கலாம்.

இங்கே பணம் சின்னச் செலவு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏழு வயசுப் பையன் வந்த முதல் வாரம், தலையணை உறையைத் துவைக்க எடுத்தார்கள். உள்ளே காய்ந்துபோன மூன்று இட்லி. அந்த அம்மா சத்தம் போடவில்லை. ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்து, முறுக்கும் பொரிகடலையும் போட்டு, அவன் கைக்கு எட்டுகிற அலமாரியில் வைத்து, “இது ஒன்னோடது, யாரும் தொட மாட்டாங்க” என்றார். ஒரு மாசம் டப்பா தினமும் காலியானது. அப்புறம் ஒரு நாள் பாதி மிச்சம் இருந்தது. அன்றைக்கு அந்த அம்மா அழுதார். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். “எவ்வளவு செலவு பண்ணி வளத்தோம்” என்று என்றைக்காவது அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம் என்று தோன்றினால், இப்போதே விலகிவிடுங்கள், அதுவும் நேர்மைதான்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு விருதுநகர் பஸ் ஏறுங்கள். கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எது என்று கேளுங்கள். பான் கார்டு, கல்யாணச் சான்று, வருமானச் சான்று, டாக்டர் சர்ட்டிபிகேட், இரண்டு பேர் போட்டோ. மதினியும் வர வேண்டும், சம்மதத்தை அவரிடமும் கேட்பார்கள். அந்த மூணு லட்சத்துக்காக அடகுக் கடைக்கு எடுத்து வைத்த சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.